நல்ல குடும்பத்து எலும்புத்தூள்

எட்டு வருடமாக என் தோட்டத்து முட்டைக்கோஸை ஏலத்தில் எடுத்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் ஏலம் நடக்கும். வீட்டில் விளைந்தது, சுட்டது, பின்னியது, கோழி இட்டது என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து மேடையில் வைப்போம். சபைக் கமிட்டியில் வாய் நீளமான ஒருவர் உண்டு. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கும் அதே காலிஃபிளவருக்கு அங்கே போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். பணம் சபைக்கு, பெருமை விளைவித்தவருக்கு. பெருமைக்காகத்தான் வருகிறோம் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை.

என் கோஸ் மேடைக்கு வரும்போது மட்டும் ஹாலில் இருமல் அதிகமாகிவிடும். "பாருங்க, கைக்கு அடக்கமா, அழகா இருக்குது" என்பார் ஏலக்காரர். அதற்கு மேல் நல்ல வார்த்தை சொல்ல அந்த வாய்க்கே வழி இருக்காது. யாரும் விலை கேட்கமாட்டார்கள். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் கை மெதுவாக மேலே போகும். காது இரண்டும் சிவந்திருக்கும். காலையில் பையில் போன கோஸ் மதியம் அதே பையில் வீட்டுக்குத் திரும்பும். மறுநாள் அதைப் பொரியலாக்கி இருவரும் பேசாமல் சாப்பிடுவோம்.

இந்த லட்சணத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அக்கா வேறு. அவர் என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவர். அந்த மூன்று மாதத்தையும் ஒரு நாளும் என்னை மறக்க விட்டதில்லை. அவர் வீட்டுக் காலிஃபிளவர் மேடை ஏறினால் நாலு பக்கமிருந்தும் கைகள் எழும். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்பார். கர்த்தர் எங்கள் காந்தல் பகுதிக்கு, அவர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருட ஏலம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே சொல்லிவிட்டேன். "அடுத்த வருசம் உங்க கை மேல போகக் கூடாது. வேற யாராச்சும் எடுக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"நம்மாளுங்க சத்தியம் பண்ணக் கூடாதேம்மா."

"அப்போ வாக்குக் குடுங்க."

கையிலிருந்த கோஸின் தலையில் அடித்து வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தக் குணத்தால் வரப்போகிற கஷ்டம் அன்று எனக்குத் தெரியவில்லை.

கோளாறு மண்ணில்தான் என்பது எனக்கே தெரியும். நாற்று நன்றாகத்தான் எழும்பும். பிறகு வெயில் கொஞ்சம் அடித்தாலும் துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். என் வீட்டுக்காரர் கிளென்மார்கன் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் தேயிலையில் போய் முடிப்பார்.

"மண்ணு நல்ல மண்ணும்மா. இதுல தேயிலை வெச்சா எப்படி வரும் தெரியுமா?"

"தேயிலையைப் பொரியல் பண்ணித் தின்ன முடியுமா?"

அப்போதுதான் நிதானமாக விளக்கினார். இங்கே பெய்கிற மழை மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறதாம். மண் புளித்துவிடுகிறதாம். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்குமாம், கோஸுக்கு ஆகாதாம். ரொம்பப் புளித்தால் தேயிலையே தாங்காது என்று எஸ்டேட்டில் செடியைக் கவாத்து வெட்டிய வருடம் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடி தூவுவார்களாம்.

"இதை எட்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

உரக்கடையில் டோலமைட் கேட்டேன். மூட்டையாகத்தான் தருவோம் என்றார்கள். எங்கள் வீடு ரோட்டிலிருந்து அறுபது படி கீழே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, எனக்கு முழங்கால் வலி. மூட்டையைத் தூக்கினால் பொடி வீட்டுக்கும் நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேருவோம் என்று வெறுங்கையோடு திரும்பினேன்.

நான் ஆபீஸ் போகப் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே கல்லறைக் கல் செய்கிற பட்டறை ஒன்று உண்டு. கருங்கல்லும் வெள்ளை மார்பிளும் அறுத்துப் பேர் பொறித்துக் கொடுப்பார்கள். அங்கிருந்து பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் சாக்கடையோரம் ஓடும். தினமும் பார்க்கிற தண்ணீர்தான். மே மாதம் ஒரு நாள் பஸ் வரவில்லை. சும்மா நின்றபோதுதான் கவனித்தேன். அந்தத் தண்ணீர் ஓடுகிற கரையில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. ரெண்டடி தள்ளி இருந்த புல் சோகை பிடித்துக் கிடந்தது. எனக்குப் பொறி தட்டியது. பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

பட்டறைக்காரர் இமை முடியெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்து உளி தட்டிக்கொண்டிருந்தார். பொடி கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, பாத்திரம் தேய்க்கவா?"

"கோஸுக்குப் போட."

"கோஸுக்கா!" என்று உளியைக் கீழே வைத்தார். "கறுப்பு வேணுமா, வெள்ளை வேணுமா?"

ரெண்டிலும் ஒரு பொட்டலம் வாங்கிவந்து வீட்டில் பரீட்சை வைத்தேன். வீட்டுக்காரர் பால் விடாத கட்டன்சாயாவில் பிழிய வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டு பொடியிலும் பிழிந்தேன். கறுப்பு சும்மா இருந்தது. வெள்ளை புஸ்ஸென்று நுரைத்தது. "சுண்ணாம்புச் சத்துதான்மா. டோலமைட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி" என்றார் வீட்டுக்காரர். எலுமிச்சம்பழம் போன துக்கமும் அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் என் சாப்பாட்டு டப்பா பட்டறையில் நிரம்பும். "மெஷின்ல அறுத்ததையும் உளியில வெட்டினதையும் எடுத்துக்குங்க. பாலீஷ் போட்ட பொடி வேண்டாமுங்க, அதுல மருந்து கலந்திருக்கும்" என்று அவரே பிரித்து வைத்தார். கறுப்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். கல்லில் இருக்கிற மற்ற சத்தெல்லாம் அதிலிருந்து மெதுவாகத்தான் இறங்குமாம், வருடக்கணக்காகுமாம். ஆகட்டும், மண் எங்கும் ஓடிப்போகாது என்று சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சாணத்தூளோடு கலந்து பாத்தியில் கொத்திவிட்டு, ஒரு மாதம் மழையில் ஊறவிட்டேன். அடுப்புச் சாம்பலும் போட்டேன். வேர் பிடிக்க நல்லது என்று உரக்கடையில் ரெண்டு கிலோ எலும்புத்தூளும் வாங்கிப் போட்டேன். மாட்டெலும்பை வேகவைத்து அரைத்த தூள். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒரு வாரத்துக்குத் தெரு நாய்கள் கூட்டமாக வந்து என் பாத்தியைத் தோண்டின. நான் விளக்குமாற்றோடு விரட்ட, தெருவே வேடிக்கை பார்த்தது.

ஜூன் கடைசியில் நட்ட நாற்று ஆகஸ்டில் என்னையே அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். வீக்கமே இல்லை, வெள்ளையாகச் சடை சடையாக இறங்கியிருந்தது. அதை வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் வேரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேயிலையில இப்படி வேர் பாத்ததே இல்ல" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

செய்தி நாலு வீடு தாண்டிப் போனது. செயலாளர் அக்காவே படியிறங்கி வந்துவிட்டார்.

"என்ன போட்டே? மறைக்காமச் சொல்லு."

முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு வருடம் வெளியாள் கை ஒன்றுகூட எழாமல் உட்கார்ந்திருந்தவள் நான். பாதி சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"கல்லறைக்காரர்கிட்டே இருந்து வாங்கினதுங்க்கா. வெள்ளையா, மாவு மாதிரி இருக்கும்."

அவர் யோசனையோடு போனார். ரெண்டு நாள் கழித்துத் தன் நாத்தனாரை உளவு பார்க்க அனுப்பினார். அந்த அம்மா கீரை கேட்க வந்தவர் போல வந்து, பாத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்து, "மண்ணுல ஏதோ வாடை வருதே?" என்றார். அவருக்கு மறுபாதியைக் கொடுத்தேன்.

"எலும்புத்தூளுங்க."

ரெண்டும் உண்மை. ஒன்றில்கூடப் பொய் கிடையாது. அக்காவும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. பாதியும் பாதியும் அங்கே சந்தித்தன. கல்லறையிலிருந்து எடுத்த எலும்புத்தூள்! நாய்கள் வந்து தோண்டியதற்குத் தெருவே சாட்சி.

அடுத்த ஞாயிறு சபை ஆயர் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். சாப்பாடு போட்டேன். கோஸ் பொரியல் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒற்றை விரலால் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். "இன்னைக்கு உபவாசம்மா" என்றார், மூன்றாவது வடையை மென்றுகொண்டே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு நான் கொடுத்தனுப்பிய கீரைத்தண்டு அன்று மாலை வேலி மேல் திரும்பி வந்து கிடந்தது. மறுநாள் பட்டறைக்காரர்தான் ரகசியமாகக் கேட்டார்.

"ஏனுங்க, ரெண்டு அம்மாங்க வந்து விசாரிச்சாங்க. கல்லறையில குழி தோண்டறப்போ மிச்சம் மீதி கெடச்சா யாருக்குத் தருவீங்கன்னு கேக்கறாங்க. நான் கல்லு வெட்டறவனுங்க. எனக்கென்னங்க தெரியும்?"

நடுரோட்டில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அன்றே அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தை உடைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கோபமும் வந்தது. என்னைப் பற்றி இதை நம்புவார்களா? முப்பது வருடம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடியவர்கள், நான் மண்வெட்டியோடு கல்லறைச் சுவர் ஏறிக் குதிப்பேன் என்று நம்புவார்களா? நம்பட்டும் என்று இருந்துவிட்டேன். இருந்ததோடு விடவில்லை, என் வாய்தான் சும்மா இருக்காதே. அதற்கடுத்த வாரம் சபை வாசலில் செயலாளர் அக்கா, நாலு பேர் கேட்க, "உன் கோஸ் இன்னும் பெருத்துட்டு இருக்காமே?" என்றார்.

"ஆமாங்க்கா," என்றேன். "நல்ல குடும்பத்து எலும்பு."

அவர் முகம் போன போக்கை நினைத்து ஒரு வாரம் சிரித்தேன். பண்டிகை நாள் நெருங்க நெருங்கத்தான் சிரிப்பு அடங்கியது. யார் எடுப்பார்கள் இனி?

"உண்மையைச் சொல்லிடும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"இப்போ சொன்னா பயந்துட்டுச் சொல்றேன்னு நினைப்பாங்க. கோஸைப் பாத்தா மயங்கிருவாங்க, பாருங்க."

பண்டிகை அன்று பாத்தியிலேயே பெரியதை வெட்டினேன். அவரால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. பையில் அடங்காததால் துண்டில் கட்டிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். மேடையில் வைத்ததும் ஹாலே திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

முதலில் காலிஃபிளவர் போனது, அடிதடி. கேக் போனது, முட்டை போனது, யாரோ பின்னிய குல்லா போனது. பிறகு என் கோஸைத் தூக்க ஏலக்காரர் ரெண்டு கையையும் கொண்டுவந்தார். கடைசி நிமிடத்தில் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார்.

"முட்டைக்கோஸ்" என்றார். அந்த வாய் நீளமான மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருமல்கூட இல்லை. இருமினால் ஏலம் கேட்டதாக ஆகிவிடுமோ என்று பயந்திருப்பார்கள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் சைகை காட்டினேன். தூக்குங்க! அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். வாக்கு வாக்குதானாம். ஐம்பத்தைந்து வயதில், முழு சபைக்கும் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடம் அந்தச் சிவந்த காதுக்காரர் கை மேலே போனால் போதும், வேறு எந்தப் பெருமையும் வேண்டாம் என்று இருந்தது.

"யாரும் இல்லீங்களா?" என்று ஏலக்காரர் கோஸைக் கீழே வைக்கப் போனார்.

பின் வரிசையில் ஒரு கை எழுந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. போன கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் கணவரை அடக்கம் செய்த ஒரு அம்மா அவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் போய்விடுவார். எனக்கு அவரோடு ஆராதனை நடுவில் 'சமாதானம்' சொல்லிக் கைகுவித்த பழக்கம் மட்டும்தான். போட்டிக்கு யாருமில்லை. அவர் நேராக மேடைக்கு வந்து, கைக்குட்டை எதுவும் இல்லாமல் கோஸைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஜெயித்துவிட்டேன்! வேற்று ஆள், அதுவும் தானாகத் தூக்கிய கை. நன்றி சொல்லலாம் என்று பின்னாலேயே ஓடினேன். கேட்டருகில் பிடித்துவிட்டேன். நான் வாய் திறக்கும் முன் அவர் கேட்டார், மெல்லிய குரலில்.

"ஏனுங்க, கல்லறையில எந்தப் பக்கத்து மண்ணுங்க எடுத்தது? மேல் வரிசையா, சாம்பிராணி மரத்துக்குக் கீழயா?"

சொல்ல வந்த நன்றியை விழுங்கிக்கொண்டேன்.

"என்ற ஊட்டுக்காரர் அந்த மரத்துக்குக் கீழதாங்க இருக்காரு" என்றார். கோஸை ஒரு தட்டுத் தட்டினார். "உசுரோட இருந்தப்போ ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துனதில்லைங்க அந்த மனுசன். இப்பப் பாருங்க."

என் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. ஊரைச் சிரிக்க வைத்த பேச்சு இந்த அம்மா காதில் இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. சும்மா விட்டிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதி உண்மை சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். எலும்பு கடையில் வாங்கியது, மாட்டெலும்பு. வெள்ளைப் பொடி கல்லறை மண் இல்லை, பட்டறையில் மார்பிள் அறுத்த பொடி. ஒருத்திக்கு ஒரு பாதி, இன்னொருத்திக்கு ஒரு பாதி என்று நான் விளையாடியது.

அவர் கோஸைத் தூக்கிப் பிடித்து, யாரோ தவறாக எடுத்துக் கொடுத்த சாமானைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க. வேண்டாம்னா நானே திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் கோஸைத் தரவில்லை. "அந்தப் பொடிய எப்பங்க எடுத்தீங்க?" என்றார்.

"மே மாசம். மாசம் முழுக்க எடுத்தேன்."

"பஸ் ஸ்டாப் எதுக்கால இருக்குற பட்டறைங்களா?"

"ஆமாங்க."

"வெள்ளைக் கல்லுங்களா?"

"வெள்ளைதான்."

"அவருக்கும் வெள்ளைக் கல்லுதான் வெச்சோம். மே மாசந்தான் பேரு வெட்டுனாங்க." சொல்லிக்கொண்டே கோஸை மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ஓரத்து இலை ஒன்று மடங்கியிருந்தது, அதை நீவி நிமிர்த்தினார். "அவருக்குப் பேரு ரொம்ப நீளமுங்க. இனிஷியலே மூணு. நெறையாப் பொடி வந்திருக்கும்."

இறக்கத்தில் கோஸை மாற்றி மாற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் போவதைத் திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஹாலுக்குள் போய் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு பூசணிக்காய் ஏறியிருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார்.

"உங்க பேருல மூணே எழுத்து."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒரு கோஸுக்குக்கூடப் பத்தாது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. வலது கையை வெளியே இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சபையில் நாங்கள் அப்படியெல்லாம் உட்காருவதில்லை.